பல்லிளிக்காத வெள்ளை

கவுனின் கழுத்தோரத்தில் ஒரு பல்லை வைத்துப் பார்த்தாள். அவளுடைய பல் இல்லை. உயிரோடு இருக்கிற எவருடைய பல்லும் இல்லை. ஒரு தகட்டுப் பட்டையில் சீப்பு போல வரிசையாகத் தொங்கும் மாதிரிப் பற்களில் ஒன்று. பல் உடைந்து வருகிறவர்களுக்குப் புதுப்பல் செய்து பொருத்தும்போது அது மற்றப் பற்களோடு நிறம் ஒத்துப்போக வேண்டுமே, அதற்காகப் பல் டாக்டர்கள் வாயருகே பிடித்துப் பார்க்கிற சாமான் அது. உலகத்தில் வெள்ளை ஒன்றுதான் என்று நம்பிப் பிழைப்பு நடத்திவந்த கடைப் பெண்கள், வெள்ளை பதினாறு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

"இது வெள்ளை இல்லைங்க," என்றாள் கல்யாணப்பெண். "வெள்ளைன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. எதுக்கும் வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்க."

வெளிச்சம் என்றால் கடைக்குள் எரிகிற விளக்கு அவளுக்கு ஆகாது. கடவுள் கொடுத்த பகல் வெளிச்சம் வேண்டும். ஆகவே ஒருத்தி கவுனின் தோளைத் தாங்க, ஒருத்தி இடுப்பைத் தாங்க, வால் தரையில் படாமல் இன்னொருத்தி பிடித்துக்கொள்ள, மயங்கி விழுந்தவரைத் தூக்கிப் போவது போல் அதை வாசலுக்குத் தூக்கிப் போனார்கள். தெருவில் போனவர்கள் வழிவிட்டார்கள். ஒரு பெரியவர் நின்று, யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். அவள் படியில் நின்று, ஒரு கண்ணை மூடி, பல்லை வைத்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். கவுன் வந்த வழியே திரும்பிப் போனது.

அந்தத் தெருவில் கல்யாண உடுப்புக் கடைகள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எல்லாக் கடையிலும் அவளுக்கு ஒரே பெயர்தான். "வெளிச்சம் வருதுடி, வாசப்படியைத் துடைச்சு வை," என்று ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குச் சேதி போய்விடும். நாமும் அந்தப் பெயரையே வைத்துக்கொள்வோம். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

வெளிச்சம் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளாக இருக்கிறாள். வருகிறவர்களை நாற்காலியில் சாய்த்து, கழுத்தில் சாம்பல் நிறத் துணி கட்டி, வாயில் ஊறுகிற எச்சிலைக் குழாயால் உறிஞ்சி, டாக்டர் கையை நீட்டும்போது கேட்ட கருவியைக் கேட்பதற்கு முன்பே அதில் வைப்பது வேலை. கெட்டிக்காரி, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் டாக்டர் இல்லை. அது டாக்டருக்குத் தெரியும், வருகிறவர்களுக்கும் தெரியும். அவளுக்குத்தான் அவ்வப்போது மறந்து போகும்.

மனிதர்களை முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளும் வழக்கம் அவளிடமிருந்து என்றோ போய்விட்டது. மாதிரிப் பல் ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் போட்டிருக்கும்; எண் ஏற ஏற வெள்ளை மங்கும். அதுதான் ஊர்க்காரர்களுக்கெல்லாம் அவள் வைத்த பெயர். மாடி வீட்டு ஏ மூணு வாடகையை ஏற்றிவிட்டாராம், முனைக்கடை பி நாலுவின் பையன் பாஸாகிவிட்டானாம் என்று வீட்டில் வந்து சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரர் காலமானபோது, "அந்த வயசுக்கு அவரு பி ரெண்டும்மா. பாவம்," என்றாள். பாவம் என்றது மனிதருக்கா பல்லுக்கா என்று அம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மாப்பிள்ளையும் அந்த நாற்காலியில் கிடைத்தவர்தான். மீன் பதப்படுத்தும் குளிர் கிடங்கில் மேற்பார்வை உத்தியோகம். கடைவாய்ப் பல்லில் சின்னச் சொத்தை என்று வந்தவர், வாயைத் திறந்தபடி வெகுநேரம் படுத்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அது பிடித்துவிட்டது. கல்யாணம் நிச்சயமான பிறகும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கிறார். அவரைப் பற்றி வீட்டில் முதன்முதலாகச் சொன்ன அன்று, மற்றப் பெண்கள் குணத்தையோ குடும்பத்தையோ சொல்லித் தொடங்குகிற இடத்தில் அவள், "ஏ ஒண்ணும்மா. பொறந்ததுலேர்ந்தே ஏ ஒண்ணு," என்றாள். அம்மா யோசித்துவிட்டு, "அது நல்லதாடி, கெட்டதாடி?" என்று மட்டும் கேட்டாள்.

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சின்ன வயதில் குடித்த கிணற்றுத் தண்ணீரில் என்ன கலந்திருந்ததோ, பல்லெல்லாம் துருப்பிடித்த மாதிரி பழுப்புக் கறை. முன்பக்கத்தில் ஒரு பல் ஓரம் உடைந்திருக்கும். இத்தனைக்கும் அந்த வாய் மூடியிருந்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய சிரிப்பு தோளில் ஆரம்பிக்கும். தோள் இரண்டும் குலுங்கும், அது வயிற்றுக்கு இறங்கும், கடைசியில்தான் வாய் திறக்கும். திறந்தால் உள்நாக்கு வரை தெரியும். வேன் தெருமுனையில் திரும்பும்போதே அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டி வாசலுக்கு அனுப்புகிற தாய்மார் உண்டு.

மகள் கல்யாணத்தில் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அவருடைய சொந்தக் கல்யாணப் படத்தில் அவர் சிரிக்கவில்லை. படம் பிடித்தவர் ஆடாதே, அசையாதே என்று அதட்டியதில், திருடிவிட்டு அகப்பட்டவரைப் போல நின்றிருப்பார். லைசென்ஸில் இருக்கிற படமும் அதே முகம்தான். அதனால் பாப்பா கல்யாணத்தில் அவள் பக்கத்தில் நின்று, வாய்விட்டுச் சிரித்தபடி ஒரு படம் எடுத்து, பெரிதாக்கி, கூடத்தில் மாட்ட வேண்டும். ஆணிகூட அடித்தாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த வெறும் ஆணியைக் காட்டி, "இங்கதான்," என்பார். வேறு எதுவும் அவர் அந்தக் கல்யாணத்தில் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் வெளிச்சம் பெற்றவர்களை ஜன்னலருகே நிற்க வைத்துப் பல் பார்த்தாள். அம்மா ஏ மூணு என்று முடிவாயிற்று. அப்பா, தன் முறை வந்த பையனைப் போல வாயைத் திறந்துகொண்டு முன்னே வந்தார். பட்டையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்தினாள். மறுபடியும் நகர்த்தினாள்.

"அப்பாவுக்கு இதுல நம்பரே இல்லைம்மா."

அப்பாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. அவருக்கு அது பெரிய வேடிக்கையாகப் பட்டது. அது வயிற்றுக்கு இறங்குவதற்குள் அவள் சொன்னாள், நோயாளியிடம் வாய் கொப்பளிக்கச் சொல்கிற அதே குரலில்:

"கல்யாணத்தன்னைக்கு நீங்க பல்லைக் காட்டாதீங்கப்பா. அவ்வளவு வெள்ளைக்குப் பக்கத்துல மஞ்சள் இன்னும் மஞ்சளாத் தெரியும். போட்டோவே கெட்டுப்போயிடும். உதட்டை மூடிக்கிட்டே சிரிங்க. நிறைய பேரு அப்படித்தான் சிரிக்கிறாங்க."

தோள் நின்றுவிட்டது. "சரி பாப்பா," என்றார். கொஞ்சம் பொறுத்து வாயையும் மூடிக்கொண்டார். அம்மாதான் விடவில்லை. உங்கப்பா சிரிச்சா அது என்ன உன் கவுன்மேல தெறிச்சு விழுந்துடுமா என்று கேட்டாள். விழும் என்றாள் மகள், கொஞ்சமும் சிரிக்காமல். பக்கத்தில் இருக்கிற நிறம் தெறிக்கத்தான் செய்யும்; அதனால்தான் டாக்டர் பல் பார்க்கும்போது எல்லார் கழுத்திலும் சாம்பல் துணி கட்டச் சொல்கிறார் என்றாள். சொல்லிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, எங்கோ பார்த்தாள். அந்தப் பார்வை வந்தால் வீட்டுக்கு ஏதோ கேடு என்று அம்மாவுக்குத் தெரியும்.

சாம்பல் அப்படித்தான் கல்யாணத்துக்குள் வந்தது. மாமன், அத்தை, சித்தப்பா, அவர்கள் பெற்ற வாண்டுகள் எல்லாருக்கும் ஆளுக்கொரு சாம்பல் துண்டுத் துணி போய்ச் சேர்ந்தது. அந்த நிறத்தில்தான் உடுத்தி வர வேண்டுமாம். மேசை விரிப்பு சாம்பல், நாற்காலி உறை சாம்பல், ரிப்பன் சாம்பல். நடுவில் அவள் ஒருத்தி வெள்ளை. ஆண்டவன் ஆசை ஆசையாகப் படைத்த நிறங்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். வானவில்லே கல்யாணத்துக்கு வருவதாக இருந்தாலும் சாம்பல் கட்டிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும். அம்மா தனக்கென்று சிவப்புச் சேலை எடுத்து வைத்திருந்தாள். அதை மகள் விரல் நுனியால் தூக்கிப் பார்த்துவிட்டு அலமாரியில் திருப்பி வைத்தாள். "பெத்த பொண்ணு கல்யாணத்துக்கு என்னைச் சாம்பலைப் பூசிக்கிட்டு வரச் சொல்றா," என்று அம்மா அண்டை வீடுகளில் எல்லாம் சொல்லி ஆற்றிக்கொண்டாள்.

அப்பா பழகத் தொடங்கினார். பிள்ளைகள் ஏறுவதற்கு முன், வேன் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து உதட்டை ஒட்டவைத்துக்கொண்டு சிரித்துப் பார்ப்பார். தோள் குலுங்கும், வயிறு குலுங்கும், வாயில் வழி அடைத்திருப்பதால் காற்றெல்லாம் மூக்குக்கு ஏறி, அடுப்பில் வைத்த குக்கர் போல ஒரு விசில் கிளம்பும். முன்சீட்டில் உட்காருகிற சிறுமி ஒருநாள், "அங்கிள், வயித்து வலியா?" என்று கேட்டு, தன் டிபன் பெட்டியிலிருந்து ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். வீட்டில் அவர் சிரிப்பதே குறைந்துபோயிற்று. சிரிப்பு வந்தால் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வார். கூடத்து ஆணியைப் பற்றி யாரும் பேசவில்லை. அதில் அம்மா காலண்டரை மாட்டப் போனாள். அவர், "இருக்கட்டும், வேற எடத்துல மாட்டு," என்று தடுத்துவிட்டார்.

கவுன் விஷயத்துக்கு வருவோம். முதல் கடையிலேயே ஒரு கவுன் கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். அம்மா எடுத்துக் காட்டியது. பாலாடை நிறம், கழுத்தில் சின்னச் சின்ன மணி. அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, கடைப் பெண்கள் வியாபாரத்தை மறந்து உண்மையைச் சொன்னார்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளிச்சம் பையிலிருந்து பட்டையை எடுத்து, மணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, இது பல்லிளிக்குது."

சாயம் போன துணியையும் முலாம் போன நகையையும் நம் வீடுகளில் அப்படிச் சொல்வதுதான். ஆனால் கண் கலங்கி நிற்கிற தகப்பனுக்கு முன்னால் சொல்லுகிற வார்த்தை இல்லை. அம்மா முகம் சுருங்கிப் போனாள். அந்தக் கவுன் உறைக்குள் போயிற்று. அதற்கப்புறம்தான் அந்தத் தெரு முழுக்க வெளிச்சம் பரவியது.

கடைசியில் தெருவின் கோடிக் கடையில் அவள் தேடிய வெள்ளை அகப்பட்டது. பட்டையில் இருக்கிற பற்களில் எதுவுமே அதற்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. கண்ணைக் கூசியது. பார்த்தால் உடுப்பு மாதிரி இல்லை, சுவரில் வெயில் அடித்த மாதிரி இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். சிரித்தவள் கண்ணாடிக்கு இன்னும் கிட்டே போனாள். அவ்வளவு வெள்ளைக்கு மேலே அவள் பற்களே மங்கலாகத் தெரிந்தன. வேறு யாராக இருந்தாலும் கவுனை மாற்றியிருப்பார்கள். அவள் பல்லை மாற்றப் புறப்பட்டாள்.

கிளினிக்கில் பல் வெளுக்கிற மருந்து உண்டு. பல் வரிசைக்கு அச்செடுத்த மெல்லிய உறையில் மருந்தைப் பிழிந்து வாயில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளேன் என்றாள் அம்மா. நான் பார்க்காத வாயா என்று மகள் கேட்டுவிட்டாள். உறை வாயில் இருக்கும்போது அவளுக்கு 'ச' வராது, 'த'தான் வரும். அந்த நிலையிலும் அதிகாரம் ஓயவில்லை. மண்டபத்து மேனேஜருக்குப் போன் போட்டு, "தாம்பல்தான் வேணும். எல்லா மேதைக்கும் தாம்பல்," என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் பணிவாக, "தாம்பாளம் இருக்கும்மா. எத்தனை எடுத்து வைக்கட்டும்?" என்று கேட்டார். அப்பா சமையலறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து விசில் மட்டும் கேட்டது.

கடைசியாக ஒருமுறை கவுனைப் போட்டுப் பார்த்து எடுத்துவர, பிள்ளைகளை இறக்கிவிட்ட வேனிலேயே மூவரும் புறப்பட்டார்கள். அம்மாவும் மகளும் பின்னால். மகள் நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். மாப்பிள்ளையோடு போனில் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தாள். அதாவது அவள் பேசினாள், அவர் சரி என்றார். காலை வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. அப்பா தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் பார்த்தார்.

கழுவிக் கவிழ்த்த பீங்கான் போலப் பற்கள் வெளுத்திருந்தன. முன்பல் ஒன்று மட்டும் வெளுக்கவில்லை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் பழைய கதவைப் போல, அது தன் நிறத்தோடு அப்படியே நின்றது.

அவருக்கு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இதே மாதிரி ஒரு வேனின் படியிலிருந்து விழுந்து அந்தப் பல்லை உடைத்துக்கொண்டாள். உடைந்த பல்மேல் பல் நிற மூடியாக ஒரு கேப் போட இதே டாக்டரிடம்தான் தூக்கிக்கொண்டு போனார். நாற்காலியில் வாயைத் திறக்க மாட்டேன் என்று அழுதவளுக்கு எதிரில் உட்கார்ந்து, தன் வாயை ஆவென்று திறந்து, "பாரு பாப்பா, இதைவிடவா?" என்று கேட்டார். அவள் சிரித்தாள், சிரித்த வாயில் டாக்டர் வேலையை முடித்தார். மற்றப் பல்லோடு அவ்வளவு ஒத்துப்போயிற்று அந்தக் கேப். வீட்டில் எல்லாரும் மறந்துபோனார்கள். பிறர் வாயையே பார்த்துப் பழகியவள் தன் வாயில் இருப்பதை முதலில் மறந்தாள். செய்து வைத்த பல் எந்த மருந்துக்கும் வெளுக்காது. மற்றதெல்லாம் ஏறிப் போய்விட, அது ஒன்று மட்டும் குடும்பத்தோடு இருந்தது.

அவர் தோள் குலுங்கியது. உதட்டைக் கடித்தார். விசில் கிளம்பிவிட்டது. அம்மா பயந்து, "என்னங்க, நெஞ்சுக்கு ஏதும் பண்ணுதா?" என்றாள். மகள் போனைக் கீழே இறக்கி, "என்னப்பா சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல பாப்பா. வண்டி குலுங்குது."

வண்டி அப்போது சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. அவர் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டுக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் அவருக்குப் பாவமாக இருந்தது. சொன்னால் அழுவாள். சொல்லாமல் விட்டால் படத்தைப் பார்த்து அழுவாள். கடைக்குப் போனதும் அவள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், தாய்க்குத்தான் சொல்லத் தெரியும் என்று ஒரு முடிவுக்கு வருவதற்குள் கடை வந்துவிட்டது.

கவுனைப் போட்டு, வாலை விரித்து, கடைக்காரம்மா தன் போனில் ஒரு படம் எடுத்தாள். வெளிச்சம் தன் முழுச் சிரிப்பையும் கொடுத்தாள். படத்தை வாங்கிப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள். "உங்க கடையில லைட் சரியில்லைங்க," என்றாள்.

வாசலுக்குத் துணி சுமந்து சுமந்து மணிக்கட்டு வீங்கிப்போயிருந்த அந்த அம்மாள், மிகுந்த மரியாதையோடு கதவைத் திறந்து பிடித்தாள்.

"வெளிச்சத்துக்கு வாங்க மேடம்."

படியில் நின்று, கைப்பையிலிருந்து பட்டையை எடுத்து, ஒரு கையில் கைக்கண்ணாடியும் ஒரு கையில் பல்லுமாகத் தன் வாயைத் தானே பார்த்தாள். ஒரு கண்ணை மூட மறந்துவிட்டாள். தெருவில் போகிறவர்கள் வழிவிட்டுப் போனார்கள். பிறகு உள்ளே திரும்பி, "அம்மா," என்றாள். பல் உடைந்த அன்று கூப்பிட்ட மாதிரியே இருந்தது அந்தக் குரல். அம்மா வந்து நிதானமாகப் பார்த்தாள். சேலை போன வருத்தம், பாலாடைக் கவுன் போன வருத்தம், எல்லாம் அவளிடம் பத்திரமாக இருந்தன.

"இப்பப் பல்லிளிக்கறது எதுடி? கவுனா?"

கடைப் பெண்கள் துணி மாற்றுகிற அறைத் திரைக்குப் பின்னால் போய்விட்டார்கள். திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அப்பா சிரிக்கவில்லை. அவர்தான் பழகி வைத்திருந்தாரே.

டாக்டர் வாயைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கேப் வெளுக்காது என்று வருகிற ஒவ்வொருவரிடமும் நீதானே சொல்லுகிறாய், உனக்கு யாரும்மா சொல்வது என்று கேட்டார். புதுசு செய்யலாம்; ஆனால் வெளுத்த பற்கள் ஒரு நிறத்தில் நிலைத்த பிறகுதான் அளவெடுக்க முடியும். அதற்குள் கல்யாணம் வந்துவிடும்.

வேனில் உட்கார்ந்து அழுதாள். அப்பா வண்டியை ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டுப் பின்னால் வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். நீ பாட்டுக்குச் சிரி, அந்தக் கூட்டத்தில் யார் வந்து பல்லைப் பார்க்கப் போகிறார்கள் என்றார்.

"நான் பார்ப்பேன்ப்பா," என்றாள்.

அது உண்மைதான். வேறு வழி தெரியாமல், பல வருஷத்துக்கு முன்னால் செய்ததையே செய்தார். வாயை ஆவென்று திறந்து, "பாரு பாப்பா, இதைவிடவா?" என்றார்.

"வாயை மூடுங்கப்பா."

மூடிக்கொண்டார். முன்னால் போய் உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

இப்படி ஒரு அடி விழுந்தால் மனிதர்களுக்குக் கொஞ்சமாவது தலை குனியும் என்று நினைப்போம். மறுநாள் காலையில் உறவினர் எல்லாருக்கும் சாம்பலோடு சேர்த்து இன்னொரு உத்தரவு போயிற்று. படம் எடுக்கும்போது யாரும் பல் தெரியச் சிரிக்கக் கூடாது. எல்லாரும் ஒரே மாதிரி இருந்தால்தான் பார்க்க ஒழுங்காக இருக்கும், இப்போது எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று காரணமும் சொல்லியிருந்தாள். தன் ஒரு பல்லுக்காக ஒரு குலத்தையே வாய் மூட வைத்தாள். மாப்பிள்ளையிடமும் சொன்னாள். அவர் சரி என்றார்.

கல்யாண நாளன்று அந்த மண்டபத்தில் நுழைந்தவர்களுக்கு, மழை பிடிக்கப் போகிற வானத்துக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்திருக்கும். நாலா பக்கமும் சாம்பல். நடுவில் கவுன். அது அவள் சொன்னபடியேதான் இருந்தது, கண் கூசியது. அதில் பொய் இல்லை. கையில் வெள்ளைப் பூச்செண்டு. அதற்கும் பட்டை வைத்துப் பார்த்துத்தான் வாங்கியிருந்தாள்.

படம் எடுக்க வந்தவருக்கு உத்தரவு ஒன்றும் தெரியாது. கலகலப்பான மனுஷர். மணமக்களை நடுவில் நிறுத்தி, பெண்ணுக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மாப்பிள்ளை, பின்னால் மற்ற உறவு என்று ஒழுங்கு செய்துவிட்டு, "எங்கே, எல்லாரும் நல்லாச் சிரிங்க பார்ப்போம்," என்றார். எல்லாரும் உதட்டை இறுக்கினார்கள். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நிற்கிறவர்களைப் போல, கன்னம் உப்பிய சாம்பல் வரிசை அவரைப் பார்த்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். வரிசை இன்னும் இறுகியது. அவர் கேமராவை இறக்கினார். குற்றம் செய்தவரைப் போல மெல்ல நடந்து வந்து, அம்மாவின் காதருகில் குனிந்தார்.

"வீட்டுல ஏதாச்சும் துக்கமாம்மா?"

சாம்பல் சேலையில் நின்ற அம்மா, "இல்லப்பா. கல்யாணம்," என்றாள்.

அது அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. தோள் குலுங்கியது. உதட்டைப் பல்லால் கவ்விப் பிடித்தார். மகளின் முழங்கை அவரை இடித்தது. அவர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடவுளைக் கூப்பிட்டார். ஒன்றும் உதவவில்லை. அந்தப் பெரிய மண்டபத்தின் அமைதியில், நீளமாக, ஏறி ஏறி, அந்த விசில் கிளம்பியது.

முதலில் வெடித்தது மாப்பிள்ளை. யாரும் திறக்கச் சொல்லாமலே அவர் வாய் திறந்து அன்றைக்குத்தான் பார்த்தார்கள். ஏ ஒண்ணு அத்தனையும் வெளியே வந்தது. மாமன் சிரித்தார், அத்தை சிரித்தாள், பின்வரிசையில் சித்தப்பா செருமலோடு சேர்த்துச் சிரித்தார், வாண்டுகள் விழுந்து விழுந்து சிரித்தன. கடைசிவரை தாக்குப்பிடித்தது அப்பாதான். சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு கடவுளுக்குத் தெரியும். பிறகு அவராலும் முடியவில்லை. இத்தனை நாள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. அந்த வாய் திறந்தது. உள்நாக்கு வரை, பழுப்பெல்லாம் தெரிய, உடைந்த பல் தெரிய, அந்தக் கூசுகிற வெள்ளைக்குப் பக்கத்திலேயே நின்று அவர் சிரித்தார்.

படம் எடுக்கிறவர் கேமராவைத் தூக்கிவிட்டார்.

அவளுடைய ஒரு கை மாப்பிள்ளை கையில் மாட்டியிருந்தது. மற்றதில் பூச்செண்டு. மூட வேண்டிய வாய் இரண்டு. பூச்செண்டு முதலில் அப்பாவின் வாயை நோக்கித்தான் போனது. மீசைக்குக் கிட்டே போய்விட்டது. அதற்குள் அவளுடைய தோள் குலுங்கத் தொடங்கிவிட்டது. அவளுக்கும் அது தோளில்தான் ஆரம்பிக்கும். பூச்செண்டு பாதியில் நின்றது. பிறகு அவசர அவசரமாகத் திரும்பி வந்து, அவள் வாயை மூடியது.